பின் சக்கரத்தில் கட்டிய நூல்

வண்டியை இனிமேல் நானே பார்த்துக்கொள்வேன் என்று வீம்பு பேசியவன் நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு எழுதலாம் என்று தள்ளிப் போட்டால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன், என் புத்தி எனக்குத் தெரியும். என் மனைவியின் வலது கை போனதற்குக் காரணம் என் கை. ரோட்டில் குறுக்கே வந்த மாடு அல்ல, ஷோரூமில் வேலை பார்த்த மெக்கானிக்கும் அல்ல. ஆனால் வேலை போனது அந்த மெக்கானிக்குக்குத்தான்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக் கரையில் இருக்கிறது. என் மனைவி கையால் இறால் பிடிக்கிறவள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். இறாலின் மீசை விரல் நுனியில் உரசும். அந்த நொடியில் இரண்டு கையும் சேர்ந்து மூடினால் இறால், ஒரு நொடி பிந்தினால் வெறும் சேறு. அவளோடு இறங்குகிற பெண்கள் பாதிப் பறி நிரப்புவதற்குள் அவள் பறியை ரொப்பிக்கொண்டு கரையேறிவிடுவாள். ஏரி மீன் கொடுக்காத நாட்களில் எங்கள் வீட்டில் உலை வைத்தது அவள் விரல்தான். நான் சும்மா சொல்லவில்லை, அதுதான் நிஜம்.

நான் சில வருஷம் வலை போட்டுவிட்டு, இடுப்பு வலி வந்த பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். கரையில் இறாலும் நண்டும் எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொன்னேரி மார்க்கெட்டில் கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் வழி நெடுக ஒழுகும். எங்கே ஒழுகும்? நேராகப் பின் சக்கரத்தின் மேல். எங்கள் பக்கத்தில் வண்டி ஓடித் தேய்வதில்லை, உப்பில் தேய்கிறது. மற்றவன் வண்டிக்கு நாலு வருஷத்தில் வருகிற துரு எனக்கு எட்டு மாசத்தில் வந்துவிட்டது.

ஃப்ரீ சர்வீஸ் எல்லாம் முடிகிற வரைக்கும் ஷோரூமில் ஒரு குறையும் தெரியவில்லை. காசு கொடுத்துச் செய்கிற சர்வீஸ் வந்தபோதுதான் கண் திறந்தது. பொன்னேரியில் அந்த ஷோரூமுக்குள் ஒரு கண்ணாடி அறை உண்டு. கஸ்டமர் அதில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டும். வண்டி இருக்கிற பக்கம் போகக் கூடாது. என் வண்டி உள்ளே நுழைந்தால் ஜாப் கார்டு எழுதுகிற பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்வாள். மேனேஜர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, அடுத்த முறை கழுவிவிட்டுக் கொண்டு வாங்க, மத்த கஸ்டமருக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார். கழுவிக் கொண்டுபோனேன். பில்லில் வாட்டர் வாஷுக்கும் காசு போட்டிருந்தார்கள். பாலிஷ் என்று ஒன்று. துடைக்கிற துணிக்கும் கிரீஸுக்கும் சேர்த்து வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயரில் ஒன்று. நான் கட்டியிருக்கிற வேட்டியே அந்தத் துணியைவிட மலிவு.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. அடுத்த சர்வீஸுக்கு விடுவதற்கு முன்பு, செயின் மூடியின் ஸ்க்ரூவில் மெல்லிய வலை நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தேன். மூடியைத் திறந்தால் நூல் அறுந்துதான் ஆக வேண்டும். சாயங்காலம் வண்டி பளபளவென்று வந்தது. பில்லில் செயின் சுத்தம், செயினுக்கு எண்ணெய் என்று இரண்டு வரி. குனிந்து பார்த்தேன். நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடி அறையில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மேனேஜர் மட்டும் அசையவில்லை. சிஸ்டத்தில் அப்படித்தான் சார் வரும் என்றார்.

அன்றைக்கு எடுத்த முடிவுதான். ஸ்பேனர் செட் ஒன்று வாங்கினேன். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். டச்சுக் கல்லறைக்கு எதிரே ஒரு வேப்பமரம் உண்டு, அதன் நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்து ஆயில் மாற்றினேன், பிளக் துடைத்தேன், செயினை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி எடுத்தேன். கல்லறையைப் பார்க்க வருகிற டவுன் ஆட்கள் என்னையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வண்டி முன்னைவிட நன்றாக ஓடியது. ஊரில் இரண்டு பேர் தங்கள் வண்டியையும் என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் பெரிய ஆள் ஆகிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

எங்கள் கையில் எந்த வேலை வந்தாலும் கடைசியில் ஒரு நூல் வந்துவிடும். அதுதான் எங்கள் பழக்கம். படகில் ஆணி போனால் நைலான் நூல். செருப்பு வார் அறுந்தால் நூல், மூக்குக் கண்ணாடியின் காது உடைந்தாலும் நூல். நூலை நனைத்து முடிச்சுப் போட்டுக் காயவிட்டால் அதைக் கத்தியால் அறுத்தால்தான் உண்டு. வண்டியில் நம்பர் பிளேட்டை நூலால் கட்டியிருந்தேன், இண்டிகேட்டரையும் அப்படித்தான். என் வண்டி என்று இல்லை. எங்கள் ஊரில் நூல் கட்டாத வண்டி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பின் பிரேக் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தபோது அதையும் நானே பிரிக்கிறேன் என்றேன். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. மற்றதை எல்லாம் நீ என்ன வேண்டுமானாலும் பண்ணு, பிரேக்கில் மட்டும் விளையாடாதே என்று இரண்டு நாள் பிடித்த பிடியாக நின்றாள். சரி என்று மறுபடியும் அந்த ஷோரூமுக்கே போனேன்.

அன்று என் வண்டியைப் பார்த்த மெக்கானிக் வயதில் என்னைவிடப் பெரியவர். அனுப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்து போகிற மனுஷன். வேலை முடிந்ததும் அந்தக் கண்ணாடி அறையைத் தாண்டி அவரே வெளியே வந்து, என்னைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். பிரேக் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழலாமல் ஓர் இரும்புப் பட்டை பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பட்டையின் போல்ட்டில் நட்டு கழலாமல் இருக்க ஒரு ஊசி குத்தியிருக்கிறது, ஸ்பிலிட் பின் என்பார்கள், கொண்டை ஊசி மாதிரி இரண்டு கால் இருக்கும். இது ஒன்று இல்லையென்றால் ஆளைக் கொன்றுவிடும் தம்பி, ஒரு முறை கழற்றினால் பழசைப் போடாதே, புதுசு போடு என்றார். ஒரு ஷோரூம்காரன் என்னிடம் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அப்போதுகூட எனக்கு, இவன் என்ன எனக்குச் சொல்லிக் கொடுப்பது என்றுதான் இருந்தது.

பிரேக் ஷூ புதுசு, ஊசி புதுசு. ஆனால் பெட்டி அதே பெட்டிதானே? பத்து நாளில் உப்புத் தண்ணீர் இறங்கி மறுபடியும் கத்த ஆரம்பித்தது. கொடுத்த காசெல்லாம் தண்டம் என்று எனக்கு ஆத்திரம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வேப்பமரத்தடியில் நானே பின் சக்கரத்தைக் கழற்றினேன். உப்பைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். பழைய ஊசியையே நிமிர்த்திப் போட்டு மடக்கினேன், ஒரு கால் முறிந்து கையோடு வந்தது. பஜாரில் போய் வாங்கலாம் என்றால் தொழுகை நேரம், கடை அடைத்திருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் திறந்திருப்பார்கள். ஒரு மணி நேரம்! அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான் இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஊசி போகிற ஓட்டையில் பச்சை நைலான் நூலை விட்டு, நட்டைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கி முடிச்சுப் போட்டேன். சோறு கொண்டுவந்த மனைவி அதைப் பார்த்துவிட்டாள். அங்கேயுமா நூல் என்று கேட்டாள். நாளைக்கு மாற்றிவிடுகிறேன் என்றேன். நாளைக்கு என்பது ஒன்பது நாள் ஆனது. வண்டி சத்தமில்லாமல் ஓடியது, நான் மறந்துவிட்டேன். வலையில் நூலை மீன்தான் இழுக்கும், தண்ணீர்தான் இழுக்கும். இங்கே போல்ட்டின் கூரான மரை, வண்டி குலுங்கக் குலுங்க, அரம் போட்டு அறுப்பது போல அதை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அது எனக்கு உறைக்கவில்லை.

ஏரியில் மீன்பாடு இல்லாத ஒரு நாள், பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பண்டிகைத் துணி எடுக்க அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பொன்னேரிக்குக் கிளம்பினேன். வழியில் ஒரு மாடு ரோட்டில் ஏறியது. ஒன்றும் அவசரமில்லை, நிதானமாகத்தான் பிரேக்கை மிதித்தேன். கீழே டக்கென்று ஒரு சத்தம். பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி எங்களை வலது பக்கமாகப் போட்டுத் தேய்த்துக்கொண்டு போனது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுடைய வலது மணிக்கட்டு கால் வைக்கிற இரும்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவள் அலறவில்லை. கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கை அவள் கை மாதிரியே இல்லை.

அவளைத் தூக்கி ஆட்டோவில் போடும்போது கீழே கிடந்த வண்டி கண்ணில் பட்டது. பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. போல்ட் இல்லை. பட்டையின் ஓரத்தில் பச்சை நூல் ஒரு சாண் ஒட்டிக்கொண்டு ஆடியது.

ஆட்டோக்காரர் எந்த ஆஸ்பத்திரியில் நிறுத்தினாரோ அங்கே சேர்த்தோம். அது தனியார் ஆஸ்பத்திரி. நரம்பும் தசைநாரும் அறுந்திருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்து ஒட்டினால் கை பிழைக்க வழி உண்டு, தள்ளிப் போட்டால் உணர்ச்சி திரும்பாது என்றார் டாக்டர். அவர் சொன்ன தொகை எங்களால் ஆகிற காரியம் இல்லை. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் காசில்லாமல் செய்வார்கள் என்று யாரோ ஒருவர் சொன்னார். க்யூவில் நிற்பதற்குள் கை அழுகிவிடும் என்று அவளுடைய அண்ணன் சத்தம் போட்டார். பெரிய ஆஸ்பத்திரி என்றவரின் பேச்சை அப்புறம் யாரும் காதில் வாங்கவில்லை, நானும் வாங்கவில்லை.

அவளுடைய அண்ணன் ஊரில் நாலு பேருக்கு முன்னால் நிற்கிறவர், கோபம் மூக்கு மேல் இருக்கும். ஷோரூம் பில்லை என் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். பின் பிரேக் மாற்றியதாக அதில் இருந்தது, இருபது நாள்கூட ஆகவில்லை. இது போதும் மாப்ள என்றார். அன்று மாலையே ஊர்க் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு வீட்டின் கஷ்டத்துக்கு ஊர் கிளம்புகிறது என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும், அன்றைக்கு ஒரு படகும் ஏரியில் இறங்கக் கூடாது. ஊர் ஒரு பேச்சைப் பேசிவிட்டால் அதிலிருந்து பின்வாங்குகிறவனை ஊர் ஒதுக்கிவைக்கும். என் மனைவியின் கைக்காக மறுநாள் காலை ஒரு கரையே வேலையை விட்டுவிட்டு வேனில் ஏறியது. அவர்களுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஷோரூம் வாசலில் எங்கள் ஆட்கள் வேனில் ஏற்றிவந்த என் வண்டியை இறக்கி நிறுத்தினார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் மேனேஜர் வெளியே ஓடி வந்தார். அந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார். அவர் வந்து பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அந்தப் பச்சை நூலைத் தூக்கிப் பார்த்தார். நான் புதுப் பின் போட்டு அனுப்பினேன் சார், இங்கே யாரோ நூல் கட்டியிருக்கிறார்கள் என்று மேனேஜரிடம் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

எங்கள் ஆட்களுக்கு அந்த நூல் ஒரு விஷயமாகவே படவில்லை. நம்பர் பிளேட்டில் நூல், இண்டிகேட்டரில் நூல், அங்கேயும் ஒரு நூல், அதற்கென்ன? அவளுடைய அண்ணன் மட்டும் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, அதுல நீ கை வச்சியா? எல்லார் முன்னாடியும் சொல்லு."

அந்த நேரத்தில் என் கண் முன்னால் இருந்தது அவளுடைய கை மட்டும்தான். ஷோரூம்காரன் பணம் கட்டினால் ஆபரேஷன், இல்லாவிட்டால் இல்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, அதையும் மறைப்பானேன். ஊரைக் கூட்டி வந்து நிற்கவைத்துவிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

"இல்ல மச்சான். நான் தொடவே இல்ல."

அதோடு முடிந்தது. ஆஸ்பத்திரி பில்லை ஷோரூமே கட்டும் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தார். எங்கள் ஆட்கள் சமாதானம் ஆகிற மாதிரி, அந்த மெக்கானிக்கை அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, வேலையை விட்டு அனுப்பினார். அவர் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார். எங்கள் ஆட்களில் ஒருவன் விசில் அடித்தான்.

ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்தார்கள். விரல் மடங்கியது, எனக்கு உயிர் வந்தது. உணர்ச்சி மெதுவாக வரும், பொறுங்கள் என்றார் டாக்டர். பந்து அமுக்கினாள், வெந்நீரில் கை வைத்தாள், சொன்னதை எல்லாம் ஒரு நாள் விடாமல் செய்தாள். மூன்று மாசம், ஆறு மாசம் என்று போய் வருஷம் திரும்பியது. விரலைத் தொட்டு எந்த விரல் சொல்லு என்று கேட்பேன். கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பாள். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வாள், மீதி நேரம் குத்துமதிப்பு.

ஷோரூமில் நடந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் அண்ணன் பெருமையாகச் சொல்லியிருந்தார். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது. அவள் பேசாமல் இருக்க இருக்க எனக்கு எரிச்சல் வந்து, சம்பந்தமில்லாத விஷயத்துக்கெல்லாம் அவள் மேல் விழுந்து பிடுங்கினேன். குழம்பில் உப்பு அதிகம் என்று ஒரு நாள் தட்டைத் தள்ளினேன். இடது கையால் சமைக்கிறவளிடம்!

ஒரு நாள் காலை யாரிடமும் சொல்லாமல் பறியை எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்கினாள். நான் கரைக்கு ஓடினேன். மற்ற பெண்கள் தடவிக்கொண்டே தூரமாகப் போய்விட்டார்கள், அவள் மட்டும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். வெயில் ஏறிய பிறகு கரைக்கு வந்தாள். பறியில் ஒன்றும் இல்லை. வலது கை விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. கெளுத்தி முள் குத்தியிருந்தது. அது குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை, நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

"எறா கைல பட்டாலும் தெரியல, முள்ளு பட்டாலும் தெரியல. இது இனிமே வராது, வுடு," என்றாள். கையைத் தண்ணீரில் அலசினாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "எங் கைக்கோசரம்தான் பொய் சொன்ன. கை போய்ட்டுது. இனிமே இன்னாத்துக்கு அந்தப் பொய்யி? போய் அந்தாளுகிட்டயாவது சொல்ட்டு வா."

அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். எதற்காகப் பொய் சொன்னேனோ அதுவும் இல்லை, பொய் மட்டும் மிச்சம்.

அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அந்த மெக்கானிக்கை விசாரித்தேன், உடனே காட்டினார்கள். வீட்டு வாசலில் தகரம் இறக்கி, பஞ்சர் கடை போட்டிருந்தார். சைக்கிள் டியூப் ஒன்றைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஷோரூமில் யாரும் எடுக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை, கேட்பானேன். பிரேக்கில் கோட்டை விட்டவன் என்ற பெயரோடு யார் எடுப்பார்கள்? என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அண்ணா, அந்த நூலு நான் கட்னது," என்றேன்.

"தெரியும் தம்பி. அந்த மாதிரி முடிச்சு எங்களுக்குப் போட வராது," என்றார். டியூபைத் துடைத்துக் காயவைத்தார்.

அடித்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். பிறகு ஏன் அன்றைக்கு நீங்கள் விடாப்பிடியாகச் சொல்லவில்லை என்று நானே கேட்டேன். மறுநாள் நியாயம் கேட்கத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். வார்டு வாசலில் நின்று அவள் கையைப் பார்த்தாராம். ஷோரூம் பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். தன் மேல் தப்பில்லை என்று நிரூபித்தால் ஷோரூமில் கட்டுகிற பணத்தை நிறுத்திவிடுவார்கள், வேலை எங்கேயாவது கிடைக்கும், கை கிடைக்காது என்று கம்மென்று திரும்பி வந்துவிட்டாராம். இதையெல்லாம் அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"கை எப்டி கீது இப்போ அவங்களுக்கு?"

உண்மையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். உண்மையும் வாயில்தான் இருந்தது. அந்த மனுஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா ஆய்டுச்சுண்ணா. பழையபடி ஏரில எறங்குறா," என்றேன்.

அவர் முகம் விரிந்ததை நான் பார்த்தேன். உள்ளே திரும்பி, அந்தம்மாவுக்குக் கை வந்துடுச்சாம் என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார். அந்த அம்மாள் வெளியே வந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். இந்த ஒரு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் வேண்டிக்கொண்டிருந்தார்களாம். டீ போட்டுக் கொடுத்தார்கள், குடித்தேன். கிளம்பும்போது, அவங்க கையால் பிடித்த இறால் ஒரு தடவை கொண்டுவந்து கொடுங்கள், பசங்களுக்கு ஆக்கிப் போடுகிறேன் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் மனைவியிடம் சொன்னேன். மறுபடியும் பொய் சொன்னதையும் சொன்னேன். கரையில் ஒரு கிலோ எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அவள் மூலையில் கிடந்த பறியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாங்கினு போவாத. நான் புடிக்கிறேன்," என்றாள்.

மறுநாளிலிருந்து இறங்கினாள். முள் குத்தாமல் இருக்க வலது கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பறியைக் கடித்துக்கொண்டு, இடது கை ஒன்றாலேயே தடவினாள். ஒரு கைக்கு அகப்பட்டதிலும் பாதி, விரலை மூடுவதற்குள் நழுவிப் போனது. ஐந்தாவது நாளாகியும் ஒரு வேளைக் குழம்புக்குக்கூடச் சேரவில்லை. நானும் இறங்கி நாலு பிடித்துப் போடட்டுமா என்று கரையிலிருந்து கேட்டேன். பறி வாயில் இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் குனிந்தாள்.